தாதியர் மலையகத்தை விட்டுப் போவது குளிரினால் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மலையக வைத்தியசாலைகளில் நிலவும் தாதியர் பற்றாக்குறை குறித்துத் தங்கள் பத்திரிகை எழுதி வருவதை, அந்த வைத்தியசாலைகளின் நோயாளர் விடுதிகளிலேயே தாதியாக முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்த ஒருத்தி என்ற முறையில் நன்றியுடன் வாசித்து வருகிறேன். அச்செய்திகளில் சொல்லப்படும் காரணங்கள் யாவும் உண்மையே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குருநாகலிலிருந்தோ காலியிலிருந்தோ முதல் நியமனம் பெற்று வருகின்ற ஒரு பிள்ளைக்கு அந்தக் குளிர் பெரிய சோதனைதான். தங்குமிடம் போதாது, இரவுக் கடமைக்கு வந்து சேர பஸ் கிடையாது, சம்பளம் மாத முடிவு வரை காணாது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, அரச உத்தியோகத்தர்கள் 5 வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு செல்வதற்கு அரசாங்கமே வழி திறந்துவிட்ட பின்னர், போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள் என்பதும் எல்லோரும் அறிந்ததே. இவற்றுள் எதையும் நான் மறுக்க வரவில்லை. இவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய, ஆனால் எந்தக் கோப்பிலும் எழுதப்படாத இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

இடமாற்ற விண்ணப்பத்தில் காரணத்தை எழுதுவதற்கென ஓர் இடம் உண்டு. விடுதிப் பொறுப்பில் இருந்த காலத்தில் அவ்விண்ணப்பங்களை வாசித்து, சிபாரிசு எழுதி, மேலிடத்துக்கு அனுப்பியவர்களுள் நானும் ஒருத்தி. தாயாரின் சுகவீனம், கணவரின் தொழில், பிள்ளையின் பாடசாலை, குளிரினால் வரும் மூச்சிரைப்பு என்று அந்த இடத்தில் எழுதப்படுபவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். 'இந்த விடுதியில் என்னை நடத்துகின்ற விதத்தை என்னால் தாங்க முடியவில்லை' என்று எழுதப்பட்ட ஒரு விண்ணப்பத்தையேனும் நான் கண்டதில்லை. எழுதவும் முடியாது. ஏனெனில் அந்த விண்ணப்பம் முதலில் போய்ச் சேருவது, எவருடைய நடத்தையினால் அது எழுதப்படுகின்றதோ அவருடைய மேசைக்குத்தான்.

தாதியர் தாதியரைத் துன்புறுத்துவது என்று சொன்னதும் அடிபிடியை எவரும் கற்பனை செய்யத் தேவையில்லை. அது மிகச் சிறிய காரியங்களால் ஆனது. காலை 7 மணிக்கு ரிப்போர்ட் கொடுக்கும் நேரத்தில், வைத்தியரும் சிற்றூழியரும் நோயாளரும் கேட்டுக்கொண்டிருக்க, 'மூன்று வருஷமும் என்னத்தைப் படித்தாய்?' என்று கேட்பது ஒன்று. கடமைப் பட்டியல் எழுதும்போது ஒரே பிள்ளைக்கு இரவுக் கடமைகளை அடுக்கி, தீபாவளிக்கு அவள் கேட்ட ஓய்வு நாளைக் கடைசி நிமிடத்தில் வெட்டுவது இன்னொன்று. அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாத ஒரு சேவையில், மேலதிக நேரக் கடமையை வேண்டியவர்களுக்குக் கொடுத்து வேண்டாதவர்களுக்குக் குறைப்பது, பார்வைக்கு ஒரு நிர்வாகத் தீர்மானம். உள்ளே இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தேநீர் அறைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுவதும், அவளுடைய சிங்கள உச்சரிப்பை அவளுக்குக் கேட்கும்படியாகவே சொல்லிச் சிரிப்பதும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் பிழை விடும் வரை காத்திருப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து முறைப்பாடு செய்தால், 'இதற்கெல்லாமா?' என்றுதான் கேட்பார்கள்.

சுவீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் என்பவர் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஒரு தடவையேனும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல், ஒருவரைக் குறிவைத்துத் தொடர்கின்ற நடத்தையையே அவர் பணியிடத் துன்புறுத்தலாக வரையறுத்தார். சிறு காரியங்களின் பாரம் அவை திரும்பத் திரும்ப வருவதிலேயே இருக்கிறது என்பதை அந்த அளவுகோல் விளங்கிக்கொண்டிருந்தது. சர்வதேசத் தொழில் தாபனம் 2019 இல் நிறைவேற்றிய 190 ஆம் இலக்கச் சமவாயம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது துன்புறுத்தலாக அமையலாம் என்கிறது. பயிலுநர்களும் அதன் பாதுகாப்புக்குள் அடங்குவர். சுகாதாரத் துறைக்கென்றே 2002 இல் அத்தாபனமும் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தாதியர் பேரவையும் பிறரும் சேர்ந்து வழிகாட்டல்களை வெளியிட்டன. வைத்தியசாலை என்பது இத்துன்பம் அதிகமாக உள்ள இடம் என்று உலகம் அறிந்து இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டது.

நம் நாட்டிலோ இதற்குப் பெயரே இல்லை. பேராதனையில் 1997 இல் ஒரு பொறியியல் மாணவர் பகிடிவதையினால் உயிரிழந்து, நாடே அதிர்ந்த பின்னர், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பாலியல் தொந்தரவு 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வந்தது. ஆனால் பகிடிவதைச் சட்டம் கல்வி நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக விடுதியில் ஒரு சிரேஷ்ட மாணவி செய்தால் பகிடிவதை என்று பத்திரிகையில் வருகின்ற அதே செய்கை, வைத்தியசாலை விடுதியில் ஒரு சிரேஷ்ட தாதியால் செய்யப்படும்போது 'பழக்குதல்' என்றும் 'கண்டிப்பு' என்றும் அழைக்கப்படுகிறது. விடுதி என்ற சொல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு.

என் அனுபவத்தைச் சொல்ல ஆசிரியர் அனுமதிப்பீர்கள் என நம்புகிறேன். என் தந்தையார் பதிவுப் பிரஜை, அதாவது பதிவின் மூலம் இலங்கைப் பிரஜாவுரிமை பெற்றவர். அதனாலேயே 1980 இல் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. எங்கள் லயத்தில் இருந்த ஏனைய பெண் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. முதல் நியமனம் பெற்றுப் போன இடத்தில், ஒரு சந்தேகத்தைக் கேட்டதற்காக, நோயாளரின் உறவினர்கள் முன்னிலையில் நான் ஏச்சு வாங்கினேன். அதற்குப் பின் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து ஓர் இரவுக் கடமையில், இருதய நோயுடன் இருந்த ஒரு முதியவருக்கு ஏற்ற வேண்டிய சேலைனின் வேகம் டிக்கட்டில், அதாவது நோயாளரின் சிகிச்சைக் குறிப்பில், எனக்குத் தெளிவாக விளங்கவில்லை. அப்போது மணி இரண்டு. கடமையில் இருந்த சிரேஷ்ட தாதி அடுத்த அறையில்தான் இருந்தார். பத்து அடி தூரம். நான் போகவில்லை, எனக்குச் சரியென்று பட்டதைச் செய்தேன். விடியும்போது அந்த ஐயா மூச்சுவிட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வைத்தியர் ஓடி வந்து ஊசி போட்டதால் பிழைத்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர் அவர். வீட்டுக்குப் போகும் நாளில் எனக்கு ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. மருந்துப் பிழைகளைப் பற்றி விசாரணை நடத்துபவர்கள், பிழை விட்ட பிள்ளையிடம் 'ஏன் கேட்கவில்லை?' என்று தவறாமல் கேட்பார்கள். 'கடைசியாகக் கேட்டபோது என்ன நடந்தது?' என்று கேட்டதை நான் அறியேன்.

இவ்வளவையும் பட்டவள் பிறகு நல்லவளாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? மாமியாரும் ஒரு வீட்டு மருமகள்தான் என்பார்கள். ஆனால் மருமகளாக இருந்த காலத்தை எந்த மாமியார் ஞாபகத்தில் வைத்திருக்கிறாள்? 1990களின் நடுப்பகுதியில் என் பொறுப்பில் இருந்த ஒரு விடுதிக்கு, தோட்டத்திலிருந்து படித்து வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை புதிய நியமனத்தில் வந்தாள். சிங்களம் சரளமாக வராது. ஆங்கிலத்தில் எழுதும் குறிப்புகளில் பிழைகள் இருந்தன. நான் அவளுடைய இரவுக் குறிப்பை ஒவ்வொரு நாள் காலையும் எல்லோருக்கும் முன்பாகச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு பிழையாகத் திருத்தினேன். இரவுக் கடமையை அதிகம் கொடுத்தேன். அப்போதுதான் தனியாகப் பழகுவாள் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். நம்முடைய இனத்துப் பிள்ளை என்பதால் கூடுதலாகக் கண்டித்தேன், மற்றவர்கள் நம்மைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று. எட்டு மாதங்கள். பின்னர் அவள் பரஸ்பர இடமாற்றம் பெற்றுக் கொழும்புக்குப் போனாள்; அங்கிருந்து சேவையை விட்டே விலகி, ஒரு தனியார் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அவள் கொடுத்த விண்ணப்பத்தில் காரணம் 'தாயாரின் சுகவீனம்'. நான் அதைச் சிபாரிசு செய்தேன்.

இது எங்கிருந்து எனக்குள் வந்தது என்று ஓய்வு பெற்ற பின்னர் நிறைய யோசித்திருக்கிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் மேற்பார்வை செய்யும் கங்காணி எப்படிப் பேசுவார் என்பதை அம்மாவின் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். எதிர்த்துப் பேசினால் அடுத்த நாள் கொழுந்து இல்லாத மலை. அம்மா கங்காணியிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, ஆனால் அந்த நாட்களில் வீட்டில் என் தங்கைக்கு அடி விழும். கடமைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்ததும் ஒருவகைக் கங்காணித்தனமே. மலையகத்துக்கு மட்டும் உரிய குறையாக இதைச் சொல்லவில்லை; தென்னிலங்கையிலிருந்து வந்த சிரேஷ்ட தாதியரிடமும் இதே குணத்தைக் கண்டிருக்கிறேன், அவர்களுக்கு வேறு ஒரு பெரட்டுக்களம் இருந்திருக்கும். வைத்திய நிபுணர் விடுதிப் பொறுப்பில் உள்ள சிஸ்டரை ஏசுவார். சிஸ்டர் இளைய தாதியை ஏசுவார். அவள் சிற்றூழியரை ஏசுவாள். சிற்றூழியர் பிரசவ வலியில் கத்துகின்ற தோட்டத்துப் பெண்ணை ஏசுவார். மேட்டில் ஊற்றும் தண்ணீர் பள்ளத்தில்தான் வந்து நிற்கும். அந்தப் பெண்ணுக்கு ஏசுவதற்கு எவரும் இல்லை.

இனி, அந்தப் பிள்ளை போனதால் என் விடுதி இழந்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாதியர் வெளியேற்றம் என்பது பத்திரிகையில் வெறும் வெற்றிட எண்ணிக்கையாகவே வருகிறது. அவள் போன பின்னர் இரவுக் கடமையில் தமிழ் பேசும் தாதி ஒருவரும் எங்களிடம் இருக்கவில்லை. அடுத்த மாதமே ஓர் இரவு, தோட்டத்திலிருந்து ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து 'புள்ளைக்கு இழுப்பு' என்று சொல்லியிருக்கிறாள். நம் தோட்டப் பேச்சில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பாகவும் இருக்கலாம், கை கால் இழுக்கின்ற வலிப்பாகவும் இருக்கலாம். எதுவென்று அறிய, 'எப்படி இழுத்திச்சு, தாயி?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு சிற்றூழியர் மூலம் அது மூச்சிரைப்பு என்றே எழுதப்பட்டது. காலையில் நான் வந்து கேட்டபோதுதான் வலிப்பு என்பது தெரிந்தது. குழந்தைக்கு ஆபத்து நேரவில்லை; அது எங்கள் அதிர்ஷ்டம், எங்கள் திறமையன்று. தமிழ் அரச கரும மொழியாகிப் பல வருடங்களாகின்றன. ஆயினும் நள்ளிரவில் நோயாளிக்கு அரசியலமைப்பு வந்து மொழிபெயர்த்துக் கொடுக்காது; ஒரு தாதி அங்கே நிற்க வேண்டும்.

அப்படி நிற்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை தடைகளைத் தாண்டி வருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக நாடற்றவர்களாக்கப்பட்ட எம் மக்களின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. பிரஜாவுரிமை இல்லாத வீட்டிலிருந்து அரசாங்கத் தாதி வர முடியாது. அது தீர்ந்த பின்னரும், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் மிகக் குறைவு. இத்தனைக்கும் பிறகு மூன்று வருடம் அரச செலவில் பயிற்றப்பட்டு வருகின்ற ஒருத்தியை, எட்டு மாதங்களில் ஒரு விடுதியால் துரத்திவிட முடிகிறது. போகும் ஒவ்வொருத்தியும் மிஞ்சி இருப்பவர்கள் தலையில் தன் பங்கு வேலையையும் வைத்துவிட்டுப் போகிறாள். ஆள் குறைவதால் எரிச்சல் கூடுகிறது, எரிச்சல் கூடுவதால் இன்னும் ஆள் குறைகிறது. இரவில் இரண்டு பேர் அறுபது நோயாளரைப் பார்க்கின்ற விடுதியில் எவரும் இனிமையாகப் பேசுவது கடினம் என்பதை நான் அறியாதவளல்ல.

கண்டிப்பு இல்லாவிட்டால் நோயாளி செத்துப்போவான் என்று என் தோழிகள் சிலர் இதை வாசித்துவிட்டுச் சொல்வார்கள். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியை, கண்டியில் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்தபோது எனக்கு வாய்த்த ஒரு சிங்கள சிஸ்டர், மிகக் கண்டிப்பானவர். முதல் நாளே அவர் என்னிடம் சொன்னது: 'எதை வேண்டுமென்றாலும் கேள், ஏச மாட்டேன், கேட்காமல் செய்தால் ஏசுவேன்.' ஏசவும் செய்தார், ஆனால் மருந்து அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு. வெளியே வந்ததும் நோயாளர் முன்னிலையில் என்னை 'மிஸ்' என்றே அழைப்பார். அவருடைய விடுதியிலிருந்து இடமாற்றம் கேட்டுப் போனவர்கள் மிகக் குறைவு. அதே மழை, அதே சம்பளம், அதே தங்குமிடம்.

ஆகவே சுகாதார அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியங்களை அல்ல. இடமாற்றம் கேட்கும் அல்லது சேவையை விட்டு விலகும் ஒவ்வொரு தாதியிடமும், அந்த வைத்தியசாலையைச் சேராத ஓர் உத்தியோகத்தர், அவளுடைய தாய்மொழியில், உண்மையான காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெயரை நீக்கிய அப்பதிவுகளை விடுதி வாரியாகத் தொகுத்துப் பார்த்தாலே, எந்த விடுதியிலிருந்து மட்டும் ஆட்கள் வருடந்தோறும் கழன்று போகிறார்கள் என்பது வெளிச்சமாகிவிடும். கடமைப் பட்டியலையும் மேலதிக நேரப் பங்கீட்டையும் ஒருவர் தனியே எழுதி மேசை லாச்சிக்குள் வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்; ஒருவருக்கு மாதத்தில் எத்தனை இரவுகள், எத்தனை மணித்தியாலங்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி சுவரில் தொங்க வேண்டும். இது ஒன்று மட்டும் நடந்தாலும் பாதிப் பழிவாங்கல் நின்றுவிடும் என்பது, பட்டியல் எழுதியவள் என்ற முறையில் என் உறுதியான எண்ணம். புதிதாக வருபவர்களுக்கு முதல் ஆறு மாதங்களாவது, பட்டியல் எழுதும் அதிகாரம் இல்லாத ஒரு சிரேஷ்ட தாதி துணையாக நியமிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் வீதியில் இறங்குவதை நான் மதிக்கிறேன்; ஆனால் துன்புறுத்துபவரும் துன்பப்படுபவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தவர்களாக இருக்கும்போது அச்சங்கம் வாய் திறப்பதில்லை என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெற்றிடங்களின் எண்ணிக்கையை வெளியிடுவதோடு நில்லாமல், சேவையை விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து, ஏன் போனார்கள் என்று தங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும். போனவர்கள் பேசுவார்கள், அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவர்கள் எழுதினால் பெயரை வெளியிடாமல் பிரசுரிக்க வேண்டும்.

என் பெயரையும் அவ்வாறே தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இனி எவரும் இரவுக் கடமை போட முடியாது. ஆனால் என் தங்கையின் மகள் இந்த மலையகத்தின் ஒரு விடுதியில் தாதியாக இருக்கிறாள். என் பெயர் தெரிந்தால் அவள் யாரென்று தெரிந்துவிடும், அடுத்த மாதத்துக் கடமைப் பட்டியலை இன்னும் எழுதி முடிக்கவில்லையாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர்,
ஹட்டன்.